லால் பாஷா எதற்குத் திரும்பி ஓடினார்

கோவிந்தப்பனுக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. சொல்ல வேண்டிய நேரத்தில் மனுஷன் அதை யாரிடமும் சொல்லாமல் முழுங்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு நல்ல ஆளின் பேர் நாறிப்போனது.

ஒரேயடியாகச் செவிடு என்றும் சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் கொஞ்சம் காதாலும் மீதியை உதட்டசைவிலும் பிடித்துவிடுவார். பக்கவாட்டில் நின்று பேசினால் சந்தேகம். முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாலும் பிரயோஜனமில்லை. காதில் விழாத கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டி, "ஆமாமா" என்று ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பார். ஊரில் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அந்தப் பதில் போதும். மீதிப் பாதியில்தான் வினை இருந்தது.

சிங்காரப்பேட்டைப் பக்கம், மழையை நம்பி விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பிரஸ் ஷாப். அங்கேயே மீசை முளைத்து அங்கேயே நரைத்தது. உள்ளே போய் நின்றவர்களுக்குத்தான் அது என்ன இடம் என்று தெரியும். வீட்டு உயரத்துக்கு நிற்கிற மெஷின், மேலேயிருந்து இறங்கி ஒரே போடில் தகட்டை வளைக்கும். அப்படி வரிசையாக நிற்கின்றன. தரை அதிரும், வாயிலிருக்கிற பல்லும் சேர்ந்து அதிரும்.

கம்பெனி காதடைப்பு கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள். ஆனால் கோவிந்தப்பன் செட்டர். மெஷினில் அச்சைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்று கையைக் காட்டுகிற ஆள். அச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் முதலில் மாறுவது சத்தம்தான். அதைக் காதால் பிடிக்கிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. அதனால் பழைய ஆட்கள் அத்தனை பேரும் காதடைப்பைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். ஆபீசர் தலை தெரிந்தால் மட்டும் காதுக்குள் போகும். இப்படிக் காதைத் திறந்து வைத்து மெஷினைக் காப்பாற்றியவர்கள், வரிசையாகக் காதைப் பறிகொடுத்தார்கள். என்ன புத்தியோ!

அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. கை ஜாடை, உதட்டசைவு, கண். செவிடனும் கேட்கிறவனும் அங்கே ஒன்றுதான். ஒருத்தன் காது போய்விட்டது என்று பக்கத்து மெஷின்காரனுக்குக்கூடத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை காதைச் சோதிக்க ஒரு வண்டி வரும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் மூடியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். கோவிந்தப்பன் சத்தத்தைக் கேட்டுக் கை தூக்கி எத்தனையோ வருஷமாயிற்று. வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் பொத்தானை அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்துத் தூக்குவார். அடேயப்பா, பிரமாதமான காது என்று சர்டிபிகேட் வரும்.

வீட்டில் மனைவி சுகுணா மட்டும் திட்டிக்கொண்டே இருப்பாள். "டிவிய இவ்ளோ சத்தமா வெச்சிக்கினு! தெரு முக்குல நின்னா நியூஸ் கேக்குது. ஆளு வீட்ல இருக்கறாரா, கம்பெனில இருக்கறாரான்னே தெரில."

"பிரஸ் ஷாப்காரன் வீடு அப்பிடித்தான்டி இருக்கும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சோதனையில் தோற்றால் செட்டர் வேலை போய், பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்ட உட்காரவைப்பார்கள். அந்த அவமானம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. விஷயம் வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நடை. காது கேட்காத ஆளைச் சுகுணா தனியாகக் காட்டோரம் விடுவாளா? ஊரில் காலையில் எழுந்து பார்க்கைச் சுற்றி வருகிறார்களே, அது நடையா? செக்கு சுற்றுவது அது. கோவிந்தப்பன் விடிகிற நேரத்துக்குத் தொரப்பள்ளி டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். ஒரு டீ. அப்புறம் கேழ்வரகுக் காடு நடுவில் போகிற மண் பாதையில் இறங்கி, தக்காளித் தோட்டம், ரோஜாப் பூவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கொட்டகைகள் எல்லாம் தாண்டி, சானமாவுக் காட்டை ஒட்டி இருக்கிற சின்ன ஏரி வரைக்கும் போவார். கரை மேலேயே ஒரு சுற்று. அப்புறம் பின்னாலிருக்கிற பாறை மேல் ஏறி நின்று மூச்சு வாங்குவார். பிறகு வேறு பாதையாகத் திரும்புவார்.

முதலில் கொஞ்ச தூரம் கால் முனகும். முட்டி, "எதுக்குடா இது" என்று கேட்கும். அதைக் கண்டுகொள்ளாமல் நடந்தால், ஒரு இடத்தில் மூச்சும் காலும் சமாதானமாகி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் நடக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. பனியில் பேண்ட் முட்டி வரைக்கும் நனைந்து காலில் ஒட்டும். மார்கழியில் மொச்சை பூத்து, பனியோடு சேர்ந்து ஒரு வாசம் கிளம்பும், பசியைக் கிளப்பும். ஒரே பாதைதான், ஆனால் வாரத்துக்கு வாரம் வேறு. போன வாரம் பச்சையாக நின்ற கதிர் இந்த வாரம் தலை குனிந்திருக்கும். பாறை ஏறும்போது வியர்க்கும். ஏறி நின்றதும் காற்று அந்த வியர்வையைத் தொடும்போது உடம்பு பூராவும் சில்லென்று ஒரு சந்தோஷம். அங்கிருந்து ஒரு பக்கம் ஓசூர்ப் புகைப்போக்கிகளும் மனை போட்ட கல்லும் தெரியும். இந்தப் பக்கம் காடு. ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டியது, சூப்பர்வைசர் பேசிய பேச்சு, மகள் வீட்டுச் சங்கடம் எல்லாம் கீழேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து களியும் கீரைக் கடைசலும் சாப்பிட உட்கார்ந்தால் சுகுணா சட்டியை மறைத்து வைக்க வேண்டும், அவ்வளவு பசி.

கம்பெனி கேட்டுக்கு எதிரே சேஃப்டி ஷூவும் யூனிஃபார்மும் விற்கிற கடைக்காரர் லால் பாஷா. கோவிந்தப்பனுக்கு நெடுநாள் சிநேகம். சர்க்கரை வியாதி, பாதம் எப்போதும் எரியும். "எங்கூட வா பாய், நடந்தா சக்கர தானா எறங்கும்" என்று கோவிந்தப்பன் வருஷக்கணக்கில் ஓதினார்.

"நான் கடையில நின்னே செத்துக்கினு இருக்கன், காட்டுல வேற நடக்கணுமா? போப்பா" என்று லால் பாஷா சிரித்துத் தள்ளிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே தொரப்பள்ளி டீக்கடையில் வந்து நின்றார். புது ஷூ, தலையில் குல்லாய். அதிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. தன்னுடைய உபதேசம் பலித்துவிட்டது என்று கோவிந்தப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டில், கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னார்.

கூட நடக்க லால் பாஷா அவ்வளவு லாயக்கான ஆள் இல்லை. எப்போதும் முன்னால்தான் போவார். நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி, முகத்தைப் பார்த்துப் பேசுவார். நடந்துகொண்டே இருக்கும்போது, "கால் எரியுது, நில்லுப்பா" என்று நடுப்பாதையில் நின்றுவிடுவார். கோவிந்தப்பனுக்கு எரிச்சலாக வரும். சரி, பாவம், வியாதிக்காரர் என்று பொறுத்துக்கொள்வார். "போனை வைப்ரேசன்ல போட்டுச் சட்டப் பாக்கெட்டுல வெச்சிக்கோ" என்று வேறு நச்சரிப்பார். நடக்கிற நேரத்தில் அந்தச் சனியன் எதற்கு என்று கோவிந்தப்பன் போனை வண்டிப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு வருவார்.

காட்டோரம் வருஷத்துக்கு வருஷம் அமைதியாகிக்கொண்டே வருகிறது என்று கோவிந்தப்பன் மனதார நம்பினார். பிரஸ் ஷாப்பில் ஆறு நாள் இடி வாங்குகிற தலைக்கு அது அமிர்தம். ஒரு நாள் பாறை மேல் நின்று, "பாத்தியா பாய், ஒரு குருவி சத்தம்கூட இல்ல. இந்த அமைதிக்காகவே நான் வரன்" என்றார்.

லால் பாஷா காட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே வந்து, "ஆமாப்பா" என்றார்.

குளிர் காலத்தில் கர்நாடகா பக்கமிருந்து யானைகள் கேழ்வரகு தின்ன இறங்கும். சானமாவில் வந்து தங்கும். அப்போதெல்லாம் வனத்துறை ஜீப் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிப் போகும். வாட்ஸ்அப் குரூப்பிலும் எங்கே நிற்கின்றன என்று வந்துவிடும். கூட்டம் காட்டில் இருக்கிற வாரம் இவர்கள் இருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ராயக்கோட்டைப் பக்கம் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தால் போவார்கள். போன மார்கழியில் ஒரு ஞாயிறு அப்படித்தான் போனார்கள். கூட்டம் தாண்டியது உண்மை. ஒரு கொம்பன் மட்டும் தாண்டாமல் நின்றுவிட்டது. அது குரூப்பில் வரவில்லை.

ஏரியை அடைந்தபோது வெயில் வந்திருந்தது. தண்ணீர் மேல் பனி சோம்பலாகக் கிடந்தது. லால் பாஷாவுக்கு அன்றைக்கு நிஜமாகவே முடியவில்லை. ஊர்ப் பக்கத்துக் கரை மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "நீ தூரம் போவாத. கண்ணுக்குத் தெரியறாப்பல நில்லு" என்றார்.

"இதோ வந்தர்றன் பாய்" என்று கோவிந்தப்பன் ஏரியின் மறுகோடிக்கு, காட்டை ஒட்டினாற்போல நடந்து போனார். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தார். பின்னால் புதர். எவ்வளவு அமைதி! இந்த உலகத்தில் இந்த நிமிஷம் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது அந்த மனுஷனுக்கு.

பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில் பரண் மேல் காவலுக்கு இருந்தவர் வெங்கடப்பன். புதர் அசைவதை முதலில் பார்த்தவர் அவர்தான். தெலுங்கு வீட்டுக்காரர். "ஏனுகு! ஏனுகு!" என்று கத்தினார். நிற்கிற ஆள் திரும்பவில்லை. கன்னடக்காரரோ என்று, "ஆனெ பந்து! ஆனெ பந்து!" என்றார். அப்புறம் தமிழில், "ஆனை வருதுயா! ஓடு!" தகரத்தை எடுத்துத் தட்டினார். மூன்று பாஷையும் ஒரு தகரமும் ஏரி முழுக்க எதிரொலித்தன. கோவிந்தப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏதோ அசைவது கண்ணில் பட்டு நிமிர்ந்தார். கரை மேல் லால் பாஷா ஓடி வந்துகொண்டிருந்தார். வெறுங்காலோடு, ஒரு கையில் போனோடு, மறு கையை வீசிக்கொண்டு, இவரைப் பார்த்து. கல்லில் கால் வைக்கவே அழுகிற மனுஷன் எதற்கு இப்படி ஓடி வருகிறார்? உதடு தெரிகிற தூரம் வந்ததும் பிரஸ் ஷாப் கண் படித்துவிட்டது. "பின்னால. பின்னால. ஓடு."

திரும்பினார். புதரை விலக்கிக்கொண்டு கொம்பன் வந்துகொண்டிருந்தது. அப்புறம் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. ஏரியின் சேற்றில் விழுந்து, எழுந்து, நேராகக் கேழ்வரகுக் காட்டுக்குள் பாய்ந்தார். யானை சேற்றில் இறங்கவில்லை. கரை மேல் கத்திக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்துத் திரும்பியது. லால் பாஷா அப்போதுதான் திரும்பி ஓடப் பார்த்தார். எரிகிற காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவது? கோவிந்தப்பன் கதிருக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிநேகிதன் கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

வெங்கடப்பன் பட்டாசு கொளுத்தி விரட்டினார். ஊர் கூடியது. வனத்துறை, போலீஸ், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். கோவிந்தப்பன் உடம்பெல்லாம் சேறோடு நின்றார். லால் பாஷா பக்கத்தில் நொறுங்கிய போன் கிடந்தது. சேனல்காரன் ஒருவன் மைக்கோடு பக்கவாட்டில் வந்து நின்று ஏதோ கேட்டான். கோவிந்தப்பன் கண் தரையில் கிடந்த துணி மூடிய உருவத்தில் இருந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டினார். "ஆமாமா" என்றார்.

அவன் கேட்டது, "கிட்டப் போயி செல்ஃபி எடுக்கத்தான் ஓடினாரா?"

மறுநாள் ஊர் முழுக்க அந்த வீடியோ. செல்ஃபி மோகம், யானை மிதித்து வியாபாரி பலி. கூட இருந்த நண்பரே உறுதி செய்தார். கீழே ஆயிரம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் அவருக்குத் தெரியும் முன்னாலேயே, சம்பவத்தன்று சாயங்காலம், டீக்கடையில் நின்ற வண்டியை எடுக்கப் போனார். பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தார். 'பாய்' என்று தவறிய அழைப்புகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. எல்லாம் அந்த நேரத்துக்கு. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் நிற்கிற ஆளுக்கு எவனாவது போன் போடுவானா? காது கேட்காது என்று தெரிந்தவன் போடுவான். பாக்கெட்டில் அதிர்ந்தாலாவது திரும்புவான் என்று நினைத்திருக்கிறார். போன் எடுக்காததால் ஓடி வந்திருக்கிறார்.

செல்ஃபி இல்லை என்பதற்கு அவர் கையிலேயே சாட்சி இருந்தது. காட்டினால் போதும். ஆனால் காட்டினால் அடுத்த கேள்வி வரும். பக்கத்தில் நின்ற உனக்கு எதற்குய்யா போன் போட்டார்? அதற்குப் பதில் சொன்னால் காது விஷயம் அம்பலமாகும். காது சோதனை வண்டி வருகிற மாசம் வேறு. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனுஷன் தள்ளிப்போட்டார். அடக்கத்தன்று கடைசியில் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்ததோடு சரி. அந்த வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லோரையும் நிற்கவைத்து நடத்தும் மீட்டிங்கில், சேஃப்டி ஆபீசர் தினேஷ்குமார் பெரிய திரையில் அந்த வீடியோவையே போட்டான். "நம்ம கேட்டுக்கு எதிர்ல கடை வெச்சிருந்தவர்தான். ஒரு போட்டோவுக்காக உயிர விட்டார். கவனக்குறைவுன்னா என்னன்னு இதப் பாத்துத் தெரிஞ்சிக்கோங்க." பின் வரிசையில் சில பேர் களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு கேட்கவில்லை, தோள்கள் குலுங்கியது தெரிந்தது. திரையில் சேறு அப்பிய ஒரு ஆள் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அடப்பாவி, நிறுத்தேன்டா என்று கோவிந்தப்பனுக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது.

வீட்டில் சுகுணா விடவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். "வெங்கடப்பன் டீக்கடையில சொன்னாராங்க. பாய் கரை மேல பத்திரமாத்தான் ஒக்காந்திருந்தாராம். சத்தம் கேட்டு எழுந்தவரு ஊர்ப் பக்கம் ஓடாம காட்டுப் பக்கம் ஓடனாராம். சக்கரக்கார மனுசன், செல்ஃபி எடுக்க அப்பிடியா ஓடுவாரு? எதுக்குங்க ஓடனாரு?"

எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நடை நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். கால் நடக்கக் கேட்டது. நாய் மாதிரி அது பழகிய நேரத்துக்கு விழித்துக்கொண்டு இழுத்தது. ஒரு வாரம் தாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். முன்னால் திரும்பித் திரும்பிப் பேச ஆளில்லை. அங்கேயே நின்று, பெரிய மனுஷன், தெரு பார்க்க அழுதார்.

சோதனை வண்டி வந்தது. கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். காதில் மூடியை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பொத்தான் மேல் கை வைத்தாள். கோவிந்தப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து அவள் கதவைத் திறந்து முன்னால் வந்து நின்றாள். "சார், மிஷின்ல கோளாறா? ஒண்ணுமே கேக்கலியா?"

"மிஷினு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தாம்மா கேக்கல. ரொம்ப வருசமா கேக்கல."

கம்பெனி பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், அங்கிருந்து நேராக லால் பாஷா வீட்டுக்கு நடந்தார். அவர் மனைவி காத்தூன் 'இத்தா' காலத்தில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. முன்பெல்லாம் "வாங்கண்ணா" என்று டீ கொண்டுவந்து வைத்தவள், இப்போது உள்ளறையில், கனத்த திரைக்குப் பின்னால் இருந்தாள். மகள் நிகத் நாற்காலி போட்டாள். வாங்க என்று சொல்லவில்லை.

கோவிந்தப்பன் திரையைப் பார்த்துச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். காது, போன், தலையாட்டியது, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. "தங்கச்சி, பாய் என்னக் காப்பாத்தத்தான் ஓடி வந்தாரு. நான் நாசமாப் போனவன். உங்க வீட்டுப் பேர நானே கெடுத்துட்டன்" என்று கும்பிட்டார்.

திரை லேசாக அசைந்தது. அவள் பேசுகிறாள் போல. உதடு தெரியவில்லை. ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. பழக்கதோஷம், தலை தானாக ஆடப் போனது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"எனக்குக் கேக்கல தங்கச்சி" என்றார். பிறகு நிகத் பக்கம் திரும்பினார். "உங்கம்மா என்ன சொல்றாங்கன்னு எம்மூஞ்சிக்கு நேரா சொல்லும்மா."

நிகத் எதிரே வந்து நின்றாள். "வேணாம் மாமா. அம்மா கோவத்துல சொல்றாங்க."

"சொல்லும்மா. ஒரு வார்த்த வுடாம சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, உரக்கச் சொன்னாள். "எங்க அத்தாவுக்கு நடக்கவே புடிக்காதாம். கடை வாசல்ல லாரி பின்னால வந்து ஹாரன் அடிச்சி, நீங்க திரும்பாம நின்னீங்களாம். அன்னிக்கு வந்து அம்மாகிட்ட சொன்னாராம், 'கோவிந்தப்பனுக்குக் காது போயிடுச்சி, தனியா காட்டோரம் போனா செத்துருவான், கேட்டா வெக்கப்படுவான்'னு. அதுக்குத்தான் வந்தாராம். கால் எரியுதுன்னு பாதி நேரம் நின்னது எதாவது சத்தம் வருதான்னு கேக்கறதுக்காம்."

திரைக்குப் பின்னால் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது போல. நிகத் காதைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் கோணியது.

"அம்மா கேக்கறாங்க. 'வாராவாரம் எங்க வீட்டுக்காரரு உங்களுக்குக் காதா வந்தாரு. அவருக்காக ஒரு நாள் வாயத் தொறக்க உங்களுக்கு இத்தன நாள் ஆச்சா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? நான் திரைக்குள்ள இருக்கறன், வெளிய போயி சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன கேடு? சிரிச்சவங்ககிட்ட போயி சொல்லுங்க.' அவ்ளோதான் மாமா."

டீ வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அவர் எழுந்து வெளியே வந்தார்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே வந்தபோது ஷிஃப்ட் மாறுகிற நேரம். டீக்கடை முன்னால் கூட்டம். லால் பாஷா கடை ஷட்டர் சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய் நின்று, போனை எடுத்து அந்த அழைப்புகளைக் காட்டியபடி கோவிந்தப்பன் கத்த ஆரம்பித்தார். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"பாய் செல்ஃபி எடுக்கப் போவல! எனக்குக் காது கேக்காது. கூப்புட்டா கேக்காதுன்னு தெரிஞ்சி, ஆனைக்கு முன்னால ஓடி வந்து என்ன வெரட்டி வுட்டாரு. வீடியோவுல நான் தலையாட்டனது பொய்யி. என்ன கேட்டாங்கன்னே எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் பக்கவாட்டிலிருந்து ஒருவன் எதையோ கேட்டான். வாய் அசைந்தது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

"முன்னால வந்து நின்னு கேளுப்பா" என்றார் கோவிந்தப்பன். "கேக்காம இனிமே தலையாட்ட மாட்டன்."